மினிவேனுக்குள் கேட்ட வயலின்

கண்ணு,

நேற்று பின்பக்கத்து வேலியை மாற்ற ஆட்கள் வந்திருந்தார்கள். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த காலத்திலிருந்து வெயிலிலும் மழையிலும் நின்று சாம்பல் நிறமாகிப்போன பலகைகள். அவற்றைக் கழற்றிப் புல்தரையில் அடுக்கிவிட்டு, வண்டியில் ஏற்றுவதற்காகப் பாதியாக அறுத்தார்கள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அறுபட்ட பலகைக்குள்ளிருந்து ஒரு வாசனை எழுந்து வந்தது. கொஞ்சம் மிளகு, கொஞ்சம் பழைய அலமாரி, அடியில் ஏதோ ஒரு இனிப்பு. வெளியே உயிரே இல்லாதது மாதிரி நின்ற மரம் உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

நீ ஒருநாள் உன் வயலினை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதன் மேற்பலகையில் நெளிந்து ஓடும் துளைக்குப் பக்கத்தில் மூக்கை வைக்கச் சொன்னாய். "ஸ்மெல் பண்ணிப் பாருங்க ஆன்ட்டி. சவுண்ட் அப்புறம்." நான் கூச்சத்தோடு குனிந்து முகர்ந்தேன். இத்தாலியில் யாரோ ஒருவர் செய்து ஏறக்குறைய முந்நூறு வருஷம் ஆன பெட்டி அது. அதற்குள் இதே வாசனைதான் இருந்தது. எத்தனையோ பேர் வாழ்ந்துவிட்டுப் போன வீட்டின் மூடிய அறையைத் திறந்ததுபோல. "எங்கம்மா இத பூஜை ரூம் வாசனைன்னாங்க" என்று சொல்லிச் சிரித்தாய். எனக்குப் பூஜை அறை தோன்றவில்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலி தோன்றியது.

நீ எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவள். எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. நீ என் மகனைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், அவ்வளவுதான். நீ என்னை ஆன்ட்டி என்றாய். நான் உன்னைக் கண்ணு என்றேன். ஈரோட்டுக்காரிக்கு வாயில் வேறென்ன வரும். "டீச்சரை யாராவது கண்ணுன்னு கூப்பிடுவாங்களா?" என்று என் கணவர் கேட்டபோது, "எனக்கு ஓகே அங்கிள்" என்று நீதான் பதில் சொன்னாய்.

உன்னை முதலில் பார்த்தது எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில். ஹூஸ்டனில் பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் ஓரிடத்தில் தனி நகரம் மாதிரி கூடி நிற்கின்றன. அதில் ஒன்றில் புற்றுநோய் மருந்துகளைத் தயாரிக்கும் பிரிவில் நான் பார்மசிஸ்ட். மதிய வேளைகளில் லாபியில் யாராவது வந்து வாசிப்பார்கள். நோயாளிகளுக்கும் கூட வந்தவர்களுக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. பெரும்பாலும் பியானோவாக இருக்கும். நான் நின்று கேட்டதில்லை. அன்று தயிர்சாத டப்பாவோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தேன். யாரோ என் பிடரியில் மெல்ல மூச்சு விட்டதுபோல இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. லாபியின் அந்தக் கோடியில், ஜன்னல் வெளிச்சத்தில், நீ நின்று வாசித்துக்கொண்டிருந்தாய்.

காபி மெஷினின் இரைச்சல், சக்கர நாற்காலிகள், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒலிபெருக்கி. இத்தனைக்கும் நடுவே அந்த ஒலி யாரையும் இடிக்காமல் தனக்கு வழி கண்டுபிடித்து வந்துகொண்டிருந்தது. டப்பாவைத் திறக்காமலே என் இடைவேளை முடிந்தது. நீ வயலினைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது என் கணவர் போனில் வந்தார். கொஞ்சம் இருங்க, நானே கூப்பிடறேன் என்று சொல்லி வைத்தேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"நீங்க தமிழா ஆன்ட்டி?"

அமெரிக்க நாக்கில் உருண்டு வந்த தமிழ். நியூ ஜெர்சி எடிசனில் பிறந்து வளர்ந்தவள், பெற்றோர் சென்னைக்காரர்கள், இங்கே பல்கலைக்கழகத்தில் வயலினில் டாக்டரேட் செய்ய வந்திருக்கிறாய் என்று சொன்னாய். இந்த வயசில் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா என்று நான் கேட்டது எனக்கே ஆச்சரியம். கேட்கும்வரை அப்படி ஓர் எண்ணம் எனக்குள் இருந்தது எனக்குத் தெரியாது. நீ உடனே முடியும் என்று சொல்லவில்லை. எதற்காகக் கற்க வேண்டும் என்று கேட்டாய்.

"இந்தச் சத்தத்தைக் காதுக்குப் பக்கத்துல வச்சுக் கேக்கணும் கண்ணு. வேற ஒண்ணுமில்ல."

நீ வில்லின் இழையைத் தளர்த்தி முடித்தாய். பிறகு சனிக்கிழமை வரச் சொன்னாய்.

உன் அபார்ட்மென்ட், பேயூ என்று இந்த ஊரில் சொல்லும் அகலமான கால்வாயின் கரையில் இருந்தது. கோடையில் தண்ணீர் அசையவே அசையாது. வெள்ளைக் கொக்கு ஒன்று ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். நான் கடையில் வாடகைக்கு எடுத்த வயலினோடு வருவேன். முதல் சில மாதங்கள் அதிலிருந்து வந்ததை இசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் வீட்டில் வயலினை எடுத்தாலே என் கணவர் புல் வெட்டப் போய்விடுவார். அந்தக் கோடையில் எங்கள் தெருவிலேயே எங்கள் புல்தரைதான் அழகாக இருந்தது.

நான் ஆசைப்பட்டது ஒருநாள் நடந்தது. உன் வயலினை என் தோளில் வைத்து, நீ என் பின்னால் நின்று என் கையோடு உன் கையைச் சேர்த்து வில்லை இழுத்தாய். காதுக்கு வெகு அருகில் அந்த ஒலி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கரகரப்பு, மணலை அரைக்கிற மாதிரி. லாபியில் கேட்ட அந்த மூச்சு எங்கே போயிற்று என்று கேட்டேன். நீ எதிர்பார்த்திருந்தாய் போலிருக்கிறது. என்னைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போகச் சொன்னாய். முதலில் என் வாடகை வயலினை வாசித்தாய். அதன் ஒலி படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தது, அப்புறம் இல்லை. பிறகு உன்னுடையது. நான் என் காரையும் தாண்டி கொக்கு நிற்கும் கரைக்கே போய்விட்டேன். அங்கே அது இருந்தது. கரகரப்பெல்லாம் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோய், தேன் நிறமாக, என் பக்கத்திலேயே யாரோ நின்று வாசிப்பதுபோல. மேலே வந்ததும் சொன்னாய்: "அது கத்தல ஆன்ட்டி. டிராவல் பண்ணுது. வாசிக்கறவங்களுக்கு அது ஃபுல்லா கேக்காது. ரூம் கடைசில இருக்கறவங்களுக்குத்தான்."

அன்று காரை ஓட்டிக்கொண்டு சுகர் லேண்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது, ஃப்ரீவேயின் ஓசை முழுக்க ஒரு நீண்ட கம்பியை யாரோ இழுப்பதுபோலவே கேட்டது.

அந்த வயலின் உன்னுடையது இல்லை. ஒரு போட்டியில் நீ நன்றாக வாசித்ததற்காக ஓர் அறக்கட்டளை சில வருஷங்களுக்கு உனக்கு இரவல் தந்தது. உனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர்களின் தாடை பட்டுப் பட்டு, வார்னிஷ் ஓரிடத்தில் தேய்ந்து மரம் தெரிந்தது. அங்கேதான் உன் தாடையும். "நான் இதோட டெனன்ட்தான்" என்பாய். ஒரு சனிக்கிழமை, எங்கள் ஊர்க் கச்சேரிகளில் வயலினை எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டாய். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் தலையைக் கணுக்கால்மேல் சாய்த்து வைக்கக் காட்டினேன். நீயும் கார்ப்பெட்டில் உட்கார்ந்தாய். எடிசனில் ஞாயிற்றுக்கிழமைகளில் உன் அம்மா இழுத்துக்கொண்டு போன பாட்டு வகுப்பில் உனக்கு மிச்சம் இருந்தது சரளி வரிசை மட்டும். ச ரி க ம என்று இத்தாலிய மரத்தில் ஒவ்வொரு படியாக ஏறினாய். நான் கூடவே முணுமுணுத்தேன். ஜன்னலுக்கு வெளியே கொக்கு அசையவில்லை. அந்த மத்தியானம் எப்போது முடிந்தது என்று எனக்கு இன்றும் நினைவில்லை. முடியவே இல்லை என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உனக்குக் கற்றுக்கொடுத்தவர்களைப் பற்றி அப்போதுதான் சொல்வாய். நியூயார்க்கில் ஒரு ரஷ்யக்கார அம்மாள், கோடை விடுமுறை முழுக்க விரலே வைக்காமல் வெறும் தந்தியை இழுக்க வைத்தாராம். நீ வாசிக்கும்போது உன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுதான் கேட்பாராம். முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி. உன் பல்கலைக்கழகத்துக்கு உலகம் சுற்றும் வயலின் கலைஞர் ஒருவர் பாடம் நடத்த வந்தபோது, கடைசி வரிசையில் என்னையும் உட்கார வைத்தாய். நீ வாசித்து முடித்ததும் அவர் வயலினைக் கைநீட்டி வாங்கினார். விரல் வைக்காமல் ஒரே ஒரு தந்தியை ஒருமுறை இழுத்தார். திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியில் என் காரில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பிறகு, "அதே வயலின்தான் ஆன்ட்டி. எனக்குத் தெரியாத ஒரு ரூம் அதுக்குள்ள இருக்கு. அவர் சும்மா கதவத் திறந்து காட்டிட்டுப் போய்ட்டார்" என்றாய். அடுத்த மாதங்கள் முழுக்க நீ அந்த அறையைத் தேடிக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்த மழை வந்தது.

புயல் கரையைக் கடந்த பிறகும் மேகம் நகராமல் ஹூஸ்டன்மேலேயே நின்றுவிட்டது. பேயூவில் தண்ணீர் ஏறுகிறது என்று டிவியில் சொன்னதும் உன்னைக் கூப்பிட்டேன். பரவாயில்லை, மாடியில்தானே இருக்கிறேன் என்றாய். வயலின் மட்டும் ஈரத்தில் கெட்டுப்போகுமே என்று சொன்னதும் உன் குரல் மாறியது. கிளம்பி வந்துவிடு கண்ணு, ஃப்ரீவேயை மூடுவதற்குள் வந்துவிடு என்றேன். நீ எங்கள் வாசலில் வந்து நின்றபோது தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. உன் மழைக்கோட்டு வயலின் பெட்டிக்குப் போட்டிருந்தது. பெட்டியில் ஒரு துளி ஈரம் இல்லை.

அன்றே கரண்ட் போயிற்று. ஏசி நின்றதும் வீடு இட்லிப் பானைக்குள் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலை நீ பெட்டியைத் திறந்து பார்த்தாய். தந்தியை முறுக்கும் கட்டைகள் உப்பி இறுகியிருந்தன. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் ஈரத்தை இழுத்துவிடும், தண்ணீரில் விழுந்த செல்போனுக்கு அப்படித்தானே செய்கிறோம் என்று என் கணவர் வெகு அக்கறையாகச் சொன்னார். வந்ததிலிருந்து நீ முதல்முறையாகச் சிரித்தாய். எனக்கு அப்போதுதான் காரின் நினைவு வந்தது. காருக்கு ஏசி உண்டு, பெட்ரோலும் இருக்கிறது. மினிவேனை கராஜிலிருந்து வெளியே எடுத்து டிரைவ்வேயில் நிறுத்தினோம். பின் இருக்கைகளை மடித்துவிட்டு, நீ தரையில் உட்கார்ந்து வயலினை மடியில் வைத்துக்கொண்டாய். நான் ஓட்டுநர் இருக்கையில். குளிர்ந்த உலர்ந்த காற்று மெல்ல வர ஆரம்பித்தது. கண்ணாடிகள் எல்லாம் வெளிப்புறம் வெள்ளையாகி, தெரு மறைந்தது, வீடு மறைந்தது. கூரைமேல் மழை மட்டும்.

நீ விரல் முட்டியால் வயலினின் ஓரத்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தாய். ஓரிடத்தில் ஒலி மாறியது. ஒட்டு கொஞ்சம் விட்டிருக்கிறது என்றாய். எனக்குப் பதறியது. நீ பதறவில்லை. இதைச் செய்தவர் வேண்டுமென்றேதான் அந்த இடத்தில் அதிகம் வலுவில்லாத பசையைப் போட்டிருக்கிறார், மரம் உப்பும்போது பசை விட்டுக்கொடுத்துவிடும், அதனால்தான் மரம் பிளக்காமல் இத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்கிறது, ரிப்பேர்காரர் மறுபடி ஒட்டிவிடுவார் என்று விளக்கினாய். சொல்லிவிட்டு அந்த இடத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாய்.

"ஆன்ட்டி, நீங்க கான்சர் மெடிசின்தான பண்றீங்க?"

"ஆமா கண்ணு."

"எனக்கு லிம்ஃபோமான்னு சொல்லிட்டாங்க. லாஸ்ட் வீக். அம்மாட்ட இன்னும் சொல்லல."

நான் திரும்பிப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. தரப்போகும் மருந்துகளில் ஒன்றின் பெயரைச் சொன்னாய். அதை நான் வாரம் தவறாமல் என் கையால் தயாரிக்கிறேன்.

"விரல் நம்ப் ஆகும்னு போட்டிருக்கு. கூகுள்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நீங்க உண்மைய சொல்லுங்க."

பொய் எனக்கு வாய்வரை வந்தது. அந்தக் காருக்குள் அது முடியவில்லை. "ஆகலாம். நுனியில ஆரம்பிக்கும். நெறைய பேருக்கு மருந்து நின்னப்புறம் உணர்ச்சி திரும்பி வந்துரும். சில பேருக்கு முழுசா வர்றதில்ல."

"எனக்கு?"

"தெரியாது கண்ணு."

நீ தலையாட்டினாய். எல்லோரும் கவலைப்படாதே என்று மட்டும் சொன்னார்கள், நீங்கள்தான் பதில் சொன்னீர்கள் என்றாய். நீ வயலின் வாசிப்பவள் என்பதை டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டேன். மாணவி என்று எழுதிக்கொடுத்ததோடு சரி, யாரும் கேட்கவில்லை என்றாய். முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம் என்றேன். சரி என்றாய். பிறகு வில்லை எடுத்தாய்.

நிமிர்ந்து உட்கார முடியாத இடம். வில்லின் முழு நீளத்துக்கும் இழுக்க முடியாது. விட்டுப்போன ஒட்டு அதிராதபடி, மூச்சு விடும் சத்தத்தைவிடக் கொஞ்சமே அதிகமாக, அவ்வளவு மெல்ல வாசித்தாய். என்ன வாசித்தாய் என்று நான் கேட்கவில்லை. ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். மழை எங்கே நிற்கிறது, தந்தி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. காருக்கே ஒரு நெஞ்சு இருப்பதுபோலவும் அதற்குள் நாம் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதுபோலவும் இருந்தது. காதுக்கு அருகே கரகரப்பாக இருக்கும் அந்த ஒலி அன்று அப்படி இல்லை. நடுவில் ஒரு சுரத்தில் நின்றாய். அது மெல்ல விரிந்துகொண்டே போயிற்று. நீ வில்லை எடுத்துவிட்டு, "ஆன்ட்டி, அந்த ரூம்" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

ஜன்னலைத் தட்டும் சத்தம். என் கணவர் குடையோடு, ஃப்ளாஸ்கில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. உன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், டீயைக் கொடுத்துவிட்டு மழையிலேயே திரும்பிப் போனார். கார் சார்ஜரில் உன் போனைப் போட்டு, எடிசனுக்குக் கூப்பிட்டாய். நான் இறங்கி வாசலில் நின்றுகொண்டேன்.

சாலைகள் திறந்ததும், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்த உன் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷி. கேட்க நேரமில்லாமல் போயிருக்கிறது. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்னும் உன் விரல்களைச் சோதிப்பது, மரத்துப்போவது தொடங்கினால் அந்த மருந்தைக் குறைப்பது என்று ஏற்பாடு செய்தார். உன் அம்மா துணிப்பெட்டியோடு வந்து உன்னோடு எங்கள் வீட்டிலேயே தங்கினார். வந்த அன்றே என் சமையலறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். உனக்கு மூன்று வயதிலிருந்து வயலின் வகுப்புக்குக் கார் ஓட்டியே தன் பாதி வாழ்க்கை போய்விட்டது, இப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்று சொல்லிவிட்டு, வெங்காயம் நறுக்கும் சாக்கில் அழுதார். உன் பெயர் ஒட்டிய மருந்துப் பையை வேறு யாராவது தயாரிக்கட்டும் என்று என் மேலாளரிடம் முதலில் சொன்னேன். பிறகு மனம் கேட்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு நானே செய்தேன்.

ஆனாலும் மரத்துப்போயிற்று. விரல் நுனியில் டேப் ஒட்டின மாதிரி இருக்கிறது என்றாய். சனிக்கிழமைப் பாடம் மட்டும் நிற்கவில்லை. எங்கள் சோபாவில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு நான் வாசிப்பதைக் கேட்பாய். "தேர்ட் ஃபிங்கர் கொஞ்சம் கீழ வாங்க" என்பாய். "ம்" என்பாய். சில நாள் தூங்கிவிடுவாய். நான் நிறுத்தினால் விழித்துக்கொள்வாய். அந்த இத்தாலிய வயலின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. கெடு முடியும்வரை நீயே வைத்துக்கொள்ளலாம், உடம்பைப் பார்த்துக்கொள் என்று அறக்கட்டளைக்காரர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். நீதான் ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, வாசிக்காமல் விட்டால் அதன் குரல் மூடிக்கொண்டுவிடும், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றாய். உன் அம்மா வேண்டாம் என்றார். நானும் ஒருமுறை வேண்டாம் என்றேன். நீ பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாய். முடிவு அதற்குள் எடுத்தாகிவிட்டது.

மருந்துகள் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக எடிசனுக்குப் போய், அங்கிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் போனோம், நீயும் அம்மாவும் நானும். காலை நேரக் கூட்டம், எல்லோர் மடியிலும் லேப்டாப். உன் மடியில் அது. பழைய வயலின்கள் தொங்கும் ஒரு கடையின் மாடி அறையில் ஒப்படைக்க ஏற்பாடு. அடுத்து அதை வாசிக்கப்போகிறவர் ஒஹையோவிலிருந்து வந்திருந்தார். ஒல்லியான இளைஞர். நீ அவரிடம் எல்லாம் சொன்னாய். இந்தத் தந்தியில் இந்தச் சுரம் முரண்டு பிடிக்கும், அழுத்தக் கூடாது, கொஞ்சம் காத்திருந்தால் தானே வரும். மழைக்காலத்தில் இந்த ஓரத்தைத் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். டேகேரில் குழந்தையை முதல் நாள் விடும் தாய் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாய். அவரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் வாசித்தார். நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாய். வாசித்து முடித்ததும் திரும்பி, நன்றாக இருக்கிறது என்றாய். உன் கண்கள் உலர்ந்திருந்தன.

திரும்பும் ரயிலில் உன் மடி வெறுமையாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தாய்.

"என் சவுண்ட் அதுல இல்ல ஆன்ட்டி. அவர் ஃபர்ஸ்ட் நோட் வாசிச்சதுமே தெரிஞ்சுது. இத்தன வருஷம் அது வயலினோடதுன்னே நெனச்சிட்டிருந்தேன்."

அப்படியென்றால் அது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நீ உன் விரல்களைப் பார்த்தாய். "தெரியல. தேடணும்" என்றாய்.

அன்று பிற்பகல், எடிசன் வீட்டில், உன் அம்மா அலமாரியிலிருந்து நீ பள்ளிக்கூடத்தில் வாசித்த வயலினை எடுத்துவந்தார். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்யும் சாதாரண வயலின். தந்திகள் மங்கியிருந்தன. உன் பழைய அறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுருதி சேர்த்தாய். அம்மா கீழே வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தார். நீ ஆரம்பித்ததும் அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. உன் விரல்களுக்குத் தந்தி தெரியவில்லை. இடம் தப்பும், காதால் பிடித்துச் சரிசெய்வாய், மறுபடி தப்பும். அப்படித் தப்பித் தப்பிப் போய்க்கொண்டிருக்கும்போது, என் பிடரியில் அந்த மூச்சு பட்டது. லாபியில், யாரென்று தெரியாமல் நான் திரும்பிப் பார்த்தேனே, அதே மூச்சு. அந்த எளிய மரத்திலிருந்து. உன் அம்மா கதவோரம் வந்து நின்று, "இதுதான்டி. சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியுமே" என்றார். நீ வாசிப்பதை நிறுத்தவில்லை. உன் முகத்தில் வந்ததை நான் என்னவென்று சொல்வேன். தொலைந்துபோன ஒன்று தங்கள் சட்டைப் பையிலேயே இருந்ததைக் கண்டவர்கள் கொஞ்சம் வெட்கப்படுவார்களே, அப்படி ஒரு சிரிப்பு.

ஒரு வருஷம் போல நன்றாக இருந்தாய். விரல்களும் ஓரளவு திரும்பின. அந்தச் சாதாரண வயலினிலேயே டாக்டரேட்டுக்கான கடைசிக் கச்சேரியை வாசித்தாய். நானும் என் கணவரும் போயிருந்தோம். அவர் முதலிலிருந்து கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன். பிறகு நோய் திரும்பி வந்தது. இந்த முறை மருந்துகள் கேட்கவில்லை. நீ எடிசனுக்கே போய்விட்டாய். போனில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பாய். கடைசியாக நான் வாசித்தது சரளி வரிசை. இறங்கி வரும்போது ஓரிடத்தில் சறுக்கினேன். நீ திருத்தவில்லை. அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் உன் அம்மாவின் அழைப்பு வந்தது. ஃப்ரீவேயை விட்டு இறங்கி, ஏதோ ஒரு கடையின் வாசலில் காரை நிறுத்தினேன். உன் அம்மா அதிகம் பேசவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்றார். பக்கத்தில் கார்கள் வருவதும் போவதுமாக இருந்தன. நான் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உலகம் முழுக்க யாரோ வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

இப்போது சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒருவரிடம் மருந்துகளின் பக்க விளைவுகளை விளக்க வேண்டியிருந்தது. அறுபது வயதிருக்கும். முன்பெல்லாம் தாளைப் பார்த்து வரிசையாகப் படித்துவிட்டு, கேள்வி இருக்கிறதா என்பேன். இப்போது முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் கைகளால் என்ன செய்வீர்கள் என்று. அவர் முடி வெட்டுபவராம். சொல்லிவிட்டு, கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் மரத்துப்போகுமா என்று கேட்டார். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். டாக்டரிடம் பேசுகிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் உங்கள் கைகளால் என்ன செய்வீர்கள் என்று திருப்பிக் கேட்டார். இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

வயலின் வாசிப்பேன் என்றேன். சொல்லும்போது குரல் தடுமாறவில்லை.

சுமாராகத்தான் வாசிக்கிறேன் கண்ணு. மூன்றாவது விரல் இன்னும் மேலேதான் போகிறது. ஆனால் என் இடது கை விரல் நுனிகள் நான்கிலும் தந்தி பதிந்து பதிந்து தோல் காய்த்திருக்கிறது. பாத்திரம் கழுவும்போதும், கையுறை மாட்டும்போதும், என் கணவர் கையைப் பிடிக்கும்போதும் தெரிகிறது. கொஞ்ச நாள் வாசிக்காமல் விட்டால் அது மெத்தென்று ஆகி மறைந்துவிடுமாம்.

நான் விடவில்லை.